முதல் நான்கு வரி அண்ணனுடையது

ஜனவரி 9, சென்னை

எட்டுப் பாட்டில் ஏழு முடிந்தது. இந்த நோட்டு சுகந்தி அக்கா கொடுத்தது. அவர்தான் எங்கள் ஒலிப்பதிவாளர், வளசரவாக்கத்தில் உள்ள இந்த ஸ்டுடியோவும் அவருடையதுதான். எந்தப் பாட்டு, எத்தனையாவது டேக், யார் வாசித்தது என்று குறித்துவைக்கச் சொன்னார். நான் ஊர்க்கதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பேண்டின் பெயர் 'மூணாம் நம்பர் கூண்டு'. தூத்துக்குடி துறைமுகத்தில் புயலுக்கு ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு அது. என் அண்ணன் ரோமால்ட் பாட்டு எழுதிப் பாடுவான், கிட்டார் வாசிப்பான். இசக்கிராஜாவுக்கு டிரம்ஸ். எனக்கு பேஸ் கிட்டார். முதல் ஆல்பம் 'பழுது', ஐந்நூறு டிஸ்க் போட்டோம், நூற்றிச் சொச்சம் போனது. இரண்டாவது 'மின்தடை', இணையத்தில் மட்டும். ஆறு வருடத்தில் நாற்பத்தோராயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். கல்லூரி விழாவில் எங்களைப் போட்டால் கூட்டம் சாப்பிடப் போகும். இந்த மூன்றாவதைத்தான் முதல்முறையாக ஒரு கம்பெனி வெளியிடுகிறது.

எட்டாவது பாட்டு 'பத்தொன்பது நாள்'. அப்பாவைப் பற்றியது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி எஞ்சின் நின்று, பத்தொன்பது நாள் நடுக்கடலில் கிடந்தார். தூரத்தில் போகிற ஒவ்வொரு கப்பலையும் பார்த்துக் கத்தினார்களாம். சரணம் முடிகிற இடத்தில் 'இங்க இருக்கோம்' என்று உச்சத்துக்குப் போக வேண்டும். அண்ணன் இன்று ஆறு தடவை போனான். ஆறு தடவையும் குரல் கிழிந்தது.

அறையில் கேஸ் தீர்ந்துவிட்டது. இரவுக்கு பரோட்டா.

ஜனவரி 11

தொண்டை டாக்டரிடம் போனோம். குரல்நாணில் முடிச்சு. உடனே எடுக்க வேண்டும். எடுத்தபின் பதினைந்து நாள் ஒரு சொல் பேசக் கூடாது, ஏப்ரல் கடைசி வரை பாடக் கூடாது. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். வெளியே வந்ததும், இருந்த குரலை வைத்து நாலாவது டேக்கையே சரிசெய்து அனுப்பச் சொன்னான். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் காலில் ஒன்றுமில்லை.

ஜனவரி 12

பாட்டு எட்டு. ட்ராக், டேக் ஒன்று. பாடியது: கிளிட்டஸ், அதாவது நான்.

ட்ராக் என்றால், பாடகர் வரும்வரை அவர் இடத்தில் இன்னொருவர் பாடிவைப்பது. பிறகு அழித்துவிடுவார்கள். இசக்கிக்கு டிரம்ஸ் சேர்க்க அளவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பாடினேன். எங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்றுபோல இருக்கும். போனில் சித்தியே ஆள் மாற்றிப் பேசிவிடுவார்.

முடித்ததும் சுகந்தி அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

ஜனவரி 16

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அம்மா காலை ரயிலில் வந்து இறங்கினாள். மஞ்சள் பையில் சிலேட்டும் குச்சியும் வாங்கி வந்திருந்தாள். அண்ணன் எழுதிய முதல் வாக்கியம்: 'பாட்டு என்னாச்சு?'

ஜனவரி 22

கம்பெனியின் நவநீதன் சார் மூன்று முறை போன் செய்துவிட்டார். இருபத்தைந்தாம் தேதிக்குள் எட்டுப் பாட்டும் வேண்டும்.

அண்ணனுடைய நாலாவது டேக்கை சுகந்தி அக்கா இரண்டு நாளாகச் சரிசெய்து பார்த்தார். முதல் நான்கு வரி நன்றாக இருக்கிறது. அதன்பிறகு எத்தனை தட்டினாலும் தேறவில்லை.

அந்த ட்ராக்கையே மீதிக்குச் சேர்த்துவிடலாமா என்று நான் கேட்கவில்லை. சுகந்தி அக்காவும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் சேர்த்திருந்தோம்.

முதல் நான்கு வரி அண்ணன். அங்கிருந்து நான். ஒட்டு தெரியவில்லை. அண்ணனிடம் முறையாகச் சொல்லிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். குணமாகட்டும்.

ஜனவரி 29

அண்ணனுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டான். 'இங்க இருக்கோம்' வந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். இரண்டாவது தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினான். அது முடிந்ததும் சிலேட்டில் எழுதினான்: 'இது நானா?'

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று சொல்லவில்லை.

அவன் சிலேட்டைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் வரக் கூடாது என்பதற்காக வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

துணி துவைத்தேன். அம்மா ஊருக்குக் கிளம்பினாள். நாளை மறுநாள் நாங்களும் போகிறோம்.

பிப்ரவரி 10, தூத்துக்குடி

இன்று காலை வெளியானது. மாலை வரை நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

சரக்கு ஏஜென்ஸி ஆபீஸில் லீவு முடிந்து வேலைக்குப் போனேன். ஒரு மாதத்துக் காகிதம் மேஜையில் இருக்கிறது.

பிப்ரவரி 13

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். கம்பெனி கேட்டால் சொல்ல வேண்டுமே என்றுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 19

எண்பத்தாறாயிரம். 'மின்தடை' ஆறு வருடத்தில் தொட்டதைப் போல இரண்டு மடங்கு. யாரோ ஒரு பெண் தன் தம்பி வெளிநாடு போகிறதை விமான நிலையத்தில் படமெடுத்து, பின்னால் எங்கள் பாட்டை ஓடவிட்டிருக்கிறாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டதாம். சரியாக அந்த உச்ச இடம்.

பிப்ரவரி 24

நான்கு லட்சத்துப் பதினோராயிரம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம். எண்ணைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

மார்ச் 1

பதினேழு லட்சம்.

மார்ச் 3

அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவினேன். தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் ஏற்ற நின்றது, அதில் எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ போகும்வரை அம்மா கையை நிறுத்தி வைத்திருந்தாள்.

"நாலு வரி வரைக்கும் மூத்தவன். அதுக்குப் பொறவு நீ" என்றாள்.

நான் துருவிக்கொண்டே இருந்தேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன். டாக்டர் மனசுக்கு எந்தக் கவலையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது.

மார்ச் 8

நவநீதன் சார் சென்னையிலிருந்து நேரில் வந்தார். ஏப்ரல் 29, சென்னையில் பெரிய திறந்தவெளி நிகழ்ச்சி. நான்காயிரம் டிக்கெட். அண்ணனுக்கு மாலை போட்டுப் படமெடுத்தார். இந்தக் குரல் இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்டார். அண்ணன் இப்போது மெல்லப் பேசுகிறான். கரகரப்பாக, கொஞ்சம் கீழே இறங்கிய குரல். ஆறிக்கொண்டிருக்கிறது, சரியாகிவிடும் என்று அவரிடம் சொன்னான்.

நான் எல்லோருக்கும் காபி போட்டேன்.

மார்ச் 12

டிக்கெட் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. இசக்கி வீட்டில் கேக் வெட்டினோம். அவர்கள் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருக்கிறார்கள். அவன் அப்பா முதல்முறையாக என்னிடம் டிரம்ஸ் என்றால் என்ன விலை இருக்கும் என்று விசாரித்தார்.

மார்ச் 17

அண்ணன் பாட ஆரம்பித்துவிட்டான். கூடாது என்று சொன்னால் கேட்பதில்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ரெக்கார்டைப் போட்டு, கூடவே பாடிப் பார்க்கிறான். அந்த இடம் வரும்போது நான் குளியலறையில் குழாயைத் திறந்து விடுகிறேன்.

மார்ச் 20

சாயங்காலம் கடற்கரை ரோட்டில் நடக்கப் போனோம். அண்ணன்தான் கூப்பிட்டான். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு சொன்னான்.

"பத்து வருஷமா இந்தக் குரல் எனக்குள்ள இருந்திருக்குலே. நான்தான் ஒழுங்கா பாடல. சோம்பேறித்தனம். சாவுற மாதிரி வலிச்சப்போதான் வெளிய வந்திருக்கு."

அதனால் வலித்தாலும் பாடிப் பார்ப்பதாகச் சொன்னான். வலிதான் வழி என்று அவனுக்குப் படுகிறதாம்.

சொல்லியிருப்பேன். அதற்குள் இசக்கி பைக்கில் வந்துவிட்டான்.

மார்ச் 21

இசக்கி வந்தது கால் மணி நேரம் கழித்து. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 22

அறுபத்து மூன்று லட்சம். பாட்டின் கீழே எழுதுகிறவர்களின் குறிப்புகளை எல்லாம் படித்தேன். 'இந்தக் குரலுக்காக உயிரையும் கொடுக்கலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ராமநாதபுரத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு அம்மா, தன் கணவர் கடலுக்குப் போய் வராத கதையை எழுதி, 'தம்பி, நீங்கள் பாடும்போது அவர் பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது' என்று முடித்திருந்தார். அதை நான்கு தடவை படித்தேன். பதில் எழுத விரல் போனது. யார் பெயரில் எழுதுவது?

மார்ச் 29

அண்ணன் காலையில் எச்சில் துப்பியபோது ரத்தம் இருந்தது. பல் ஈறாக இருக்கும் என்றான். அம்மா வாஷ்பேசினைக் கழுவிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 4, சென்னை

ஒத்திகைக்கு வந்த இடத்தில் டாக்டரைப் பார்த்தோம். குழாயை விட்டுத் திரையில் காட்டினார். எடுத்த இடத்திலேயே வீக்கம், பக்கத்தில் புதிதாக ஒரு கீறல். இப்படியே இன்னும் ஒரு வாரம் பாடினால் குரல் திரும்பி வராமலே போகலாம் என்றார். யார் இவரைப் பாடச் சொன்னது என்று என்னிடம் கோபப்பட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜூஸ் கடை. நல்ல வெயில். அண்ணன் சாத்துக்குடி ஜூஸை ஐஸ் இல்லாமல் கேட்டான். நிகழ்ச்சியில் மற்ற பாட்டுகளைக் குறைத்துக்கொண்டு அதை ஒன்றை மட்டும் பாடிவிடலாம், ஒரே ஒரு முறைதானே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போது சொன்னேன்.

"அண்ணே, அது நீ பாடினது இல்ல. முதல் நாலு வரிதான் உன்னோடது. மீதி நான்."

அவன் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எத்தனாவது டேக்?"

"முதல் டேக்."

"ஒரே டேக்கா?"

"ஆமா."

ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு மாசம் ஆச்சு. ஏன் சொல்லல?"

"உனக்கு வலிக்கும்னு..."

"பொய் சொல்லாதலே."

கடைக்காரர் மிக்ஸியை நிறுத்தும்வரை காத்திருந்தேன். பிறகு, இத்தனை பக்கத்திலும் எழுதாததைச் சொன்னேன்.

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஊரே என் குரலக் கேக்குது, அது எனக்கு மட்டும்தான் தெரியும்ங்கிறது பிடிச்சிருந்துச்சு. நீ கதவச் சாத்திப் பாடும்போது கூட... உனக்கு அது வரலன்னு தெரியும்போது கூட, ஒரு ஓரத்துல பிடிச்சிருந்துச்சு."

அண்ணன் ஜூஸ் முழுவதையும் குடித்தான். டம்ளரைக் கொடுத்தான். கோயம்பேடு போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். நான் கூடவே ஏறவில்லை.

ஏப்ரல் 6

அண்ணன் ஊருக்குப் போய்விட்டான் என்று அம்மா போனில் சொன்னாள். வீட்டில் பேசுவதில்லையாம். இந்தத் தடவை டாக்டர் சொல்லாமலே.

இசக்கியிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். "நானும் இந்த பேண்ட்லதானே இருக்கேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு டிரம்ஸுக்கு உறை போட ஆரம்பித்தான்.

ஏப்ரல் 9

நவநீதன் சாரிடமும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, அண்ணன் மேடையில் வாயசைக்கட்டும், பின்னால் ரெக்கார்டு ஓடட்டும். யாருக்கும் தெரியாது. அது பிடிக்காவிட்டால், அண்ணனுக்கு உடல்நிலை சரியில்லை என்று அறிவித்துவிட்டு நான் முன்னால் நிற்பது. போகப்போக அவர் இல்லாமலே பழகிவிடும் என்றார். என் முகத்துக்குக் கேமராவில் நல்ல களை இருக்கிறதாம்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவர் இதைச் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதை எழுதப் போவதில்லை.

இரண்டும் வேண்டாம் என்றேன். பாட்டில் பாடியவர் பெயரைத் திருத்தச் சொன்னேன். ஆல்பம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது தொட வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 15

அண்ணனுக்கு ஏழு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சட்டை இரண்டையும் இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21

சுகந்தி அக்கா தூத்துக்குடி போய் வந்திருக்கிறார், எங்களிடம் சொல்லாமல். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாராம். ஒட்டு தெரியாமல் வேலை செய்ததுதான் தன் திறமை, அதுதான் தன் தப்பும் என்று சொன்னாராம். அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அம்மா சொதிக் குழம்பு வைத்தார், சாப்பிட்டேன் என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 28

மூணாம் நம்பர் கூண்டு இரண்டு பேரோடு ஒத்திகை பார்த்தது. மதியம் மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். கையில் கிட்டார் பெட்டி. இசக்கியிடம் தண்ணீர் கேட்டான். பிறகு சுருதி சேர்க்க உட்கார்ந்தான். என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான்: நாளைக்கு எதையும் நீ பேசாதே, நான் பேசுகிறேன்.

ஏப்ரல் 29

பொழுது சாய்கிற நேரம் ஏறினோம். நான்காயிரம் பேர். எங்களுக்காக யாரும் இப்படி நின்றதில்லை.

மூன்று பாட்டை வாத்திய இசையாக வாசித்தோம். பிறகு எல்லோரும் 'பத்தொன்பது நாள்' என்று கத்த ஆரம்பித்தார்கள். அண்ணன் மைக்குக்குப் போனான். அந்தக் கரகரத்த குரலில், மெதுவாக, ஊர்க் கோயில் அறிவிப்பு மாதிரி சொன்னான்.

"இந்தப் பாட்ட எழுதினது நான். எங்க அப்பாவுக்காக எழுதினது. முதல் நாலு வரி நான் பாடினேன். நீங்க விரும்பிக் கேட்ட குரல் என் தம்பி கிளிட்டஸோடது. இவ்வளவு நாளும் என்னோடதுன்னு நினைச்சு நீங்க கைதட்டினீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்."

ஒரு மூலையில் யாரோ ஊளையிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் நவநீதன் சார் நெற்றியில் கை வைத்திருந்தார்.

என்னால் முன்னால் போக முடியவில்லை. அண்ணன் வந்து என் தோளிலிருந்து பேஸ் கிட்டாரைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "போ" என்றான்.

முதல் நான்கு வரிக்கு வாய் திறந்தேன், பக்கத்தில் அண்ணனே அதைப் பாடிவிட்டான். அடித்தொண்டையில், கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி. அங்கிருந்து நான் எடுத்துக்கொண்டேன். 'இங்க இருக்கோம்' வந்தது. ரெக்கார்டில் வந்ததுபோல வரவில்லை. பயத்தில் பாதியில் உடைந்தது. அண்ணன் பேஸை நிறுத்தாமல் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான், மறுபடி போ என்று. இரண்டாவது தடவை போய்ச் சேர்ந்தேன்.

அதன்பின் அண்ணன் 'பழுது' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் புதுக் குரலில், இரண்டு கட்டை இறக்கிப் பாடினான். யாருக்கும் தெரியாத பாட்டு. பின்வரிசையில் நிறையப் பேர் கிளம்பினார்கள். முன்னால் நின்றவர்கள் நின்றார்கள். அவன் ஒரு வரியையும் விடாமல் பாடி முடித்தான்.

மே 2

பாதிப் பத்திரிகைகள் ஏமாற்று என்று எழுதியிருக்கின்றன, பாதி அண்ணன் தம்பி பாசம் என்று. கம்பெனி வேறு வழியில்லாமல் பெயரைத் திருத்திவிட்டது. பாட்டு ஒரு கோடியைத் தாண்டியதாம். இசக்கி சொல்லித்தான் தெரியும்.

அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று ரயிலில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தில் அப்பளத்தை எடுத்து என் இலையில் போட்டான். அவனுக்கு அப்பளம் பிடிக்காது என்பதும் உண்மைதான்.

ஜூன் 18, தூத்துக்குடி

நான்காவது ஆல்பம். இசக்கியின் பந்தல் கடை மாடியில், நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே, சுகந்தி அக்கா கருவிகளைப் பரப்பியிருக்கிறார். கம்பெனி எல்லாப் பாட்டையும் நான் பாடினால் வெளியிடுகிறேன் என்கிறது. அண்ணனுக்கு ஐந்து, எனக்கு நான்கு என்று பதில் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

அண்ணன் குரல் இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே நன்றாக இருக்கும், மேலே போகாது. மே மாதம் முழுக்க அவன் எழுதியது எல்லாம் கீழேயே நடக்கிற பாட்டுகள். ஒன்றே ஒன்று மட்டும் நடுவில் நிற்கிறது. அது யாருக்கு என்று காலையிலிருந்து சண்டை. எனக்கு வேண்டும் என்று நான் வாய்விட்டே கேட்டேன். தனக்கும் வேண்டும் என்றான். அம்மா கொடுத்துவிட்ட இட்லி ஆறிப்போனது. ஆளுக்கு ஒரு தடவை பாடித் தொலையுங்கள் என்று இசக்கி கத்தினான்.

அண்ணன் முதலில் பாடினான். ஒரு இடத்தில் மூச்சு போதவில்லை, இன்னொரு இடத்தில் குரல் சுருதிக்கு அரைக்கால் கீழே நின்றது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நான் பாடினா இதைவிட நல்லா இருக்கும்ணே" என்றேன்.

"தெரியும்லே" என்றான். "நான்தான் பாடுதேன். நீ பேஸ எடு."

எடுத்தேன்.